ஏழு பத்து பஸ்ஸில் மைமூனா

கிண்ணியா பஸ் நிலையத்தில் பதினான்கு வருடமாக நான் நேரக்காப்பாளர். பெயர் முத்தலிப். எந்த பஸ் எத்தனை மணிக்குத் திருகோணமலைக்குப் புறப்பட வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுவதும், அந்த நேரத்தைப் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. இந்தப் பதினான்கு வருடத்தில் பஸ்ஸுக்குள் என்னென்ன ஏறியது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஐஸ் உருகி ஒழுகுகிற மீன்பெட்டி ஏறியது. கால் கட்டிய கிடாய் ஏறி, ஒரு பாடசாலை அதிபரின் மடியில் தலைவைத்துக்கொண்டு திருகோணமலை வரை போனது. கலியாண வீட்டுக் கண்ணாடி அலுமாரி ஏறியது. அதற்காக உட்கார்ந்திருந்த நாலு பேரை எழுப்பி நிற்கவைத்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க, சாமான் வருது" என்றால் பஸ்ஸே ஒதுங்கி வழிவிடும். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பிளை ஒருத்தி, தன்னுடைய வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஏற வேண்டும் என்று கேட்ட அன்றைக்குத்தான் இந்த மனிதர்களுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. தூ!

அவள்தான் மைமூனா. எங்கள் வீட்டுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி வீடு. மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விளங்காமல் போனது. பாலம் கட்டுவதற்கு முன் ஆட்களை அக்கரை சேர்த்த இழுவைப் படகில் அவளுடைய வாப்பாவுக்கு வேலை. அந்த மனிதர் எட்டாம் வகுப்பு வரைக்கும் மகளைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனார். அவள் பெரியபிள்ளை ஆனாள். அதற்குப் பிறகு சுமந்து திரிவது சரியில்லை என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். சுமப்பது நின்றது, பள்ளிக்கூடமும் நின்றது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த பிள்ளை. பேசிய பெரியவர்களில் ஒருவராவது, சுமக்காமல் அனுப்ப வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தார்களா? அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

காலால் மிதிக்கிற தையல் மெசின் அவளுக்கு உதவாது. உம்மாவின் பழைய கைமெசினில் பழகினாள். முதலில் தலையணை உறை, பிறகு பாடசாலைச் சட்டை, பிறகு அபாயா. இன்றைக்குக் கிண்ணியாவில் கலியாணம் முடித்த பெண்களில் பாதிப்பேர் அவள் வெட்டிய துணியில்தான் மணமேடை ஏறினார்கள். என் மனைவி ரிஸ்னாவுக்கு வேறு ஆள் தைத்தால் தோள் பிடிக்காது. பதினைந்து வருடமாக வீட்டில் வைத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கியும் வந்தாள். அந்த உழைப்பில் ஜப்பானில் இருந்து வந்த பழைய பற்றரி ஸ்கூட்டர் ஒன்றைக் கொழும்பில் சொல்லி எடுப்பித்தாள். நாலு சில்லு, முன்னுக்கு ஒரு கூடை, நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. சாவியைத் திருப்பினால் ஜப்பான்காரி ஒருத்தி உள்ளேயிருந்து பணிவாக ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. "என்னோட முதன்முதலா மரியாதையாக் கதைச்சது இவதான்" என்று மைமூனா சொல்லுவாள்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கும்தான்.

போன வருடம் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் போதனாசிரியர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மைமூனா ஓட்டோ பிடித்து நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். கொடுத்த துணியை, மற்றவர்கள் டேப் பிடித்து முடிப்பதற்கு முன்னமே வெட்டி வைத்துவிட்டாள். முதலாவதாக அவளைத்தான் எடுத்தார்கள். கடிதம் வந்தது. திங்கட்கிழமை கடமை தொடங்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்து வைக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. ஓட்டோவில் அவள் கையை ஊன்றித் தானாக ஏறிவிடுவாள், ஆனால் ஸ்கூட்டர் ஏறாது. ஸ்கூட்டர் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது? இருபத்திரண்டு பிள்ளைகளின் மேசைக்கும் போய் வெட்டைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரிலேயே பாலம் தாண்டித் திருகோணமலை வரை ஓடவும் பற்றரி காணாது. ஆகவே பஸ். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக மற்றவர்கள் மாதிரி வேலைக்குப் போகப்போகிறாள், அதற்கு ஒரு பஸ் வேண்டும். விசயம் இவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மடிப்புக் கலையாத சாம்பல் நிற அபாயாவில் வந்து நின்றாள். ஏழு பத்து பஸ் ஹஸன் ஹாஜியாருடையது. அவர் பஸ் உரிமையாளர் சங்கத்தின் தலைவர், ஊரில் பெரிய மனிதர். கொண்டக்டர் ஸப்வான் பின்கதவில் தொங்கிக்கொண்டு கூவிக்கொண்டிருந்தான். அந்த பஸ்ஸில் பின்கதவுக்கு எதிரே சீட்டுகளைக் கழற்றி மீன்பெட்டிக்கு இடம் விட்டிருந்தார்கள். விடியற்காலை நடையில் மீன் போய்விடும், ஏழு பத்துக்கு அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். மைமூனா அதைப் பார்த்துத்தான் வந்தவள்.

ஸப்வான் ஸ்கூட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"ராத்தா, இது வாகனம். வாகனத்துக்குள்ள வாகனம் ஏத்த ஏலாது."

"போன கிழமை மோட்டச்சைக்கிள் ஏத்தினீங்களே?"

"அது சாமான் ராத்தா. சில்லெல்லாம் கழட்டித்தான் வந்தது."

"அப்ப நான் என்னத்தக் கழட்டணும்?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஸப்வானுக்கு முகம் சிவந்தது. ஆனால் அவன் கெட்டவன் இல்லை. இந்த ஊரில் ஒருவரும் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. "கோவிக்காதீங்க ராத்தா. வண்டிய இஞ்ச விடுங்க, உங்கள நாங்க தூக்கி ஏத்துறம்" என்றான். அவ்வளவுதான், நாலு பேர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குதித்து இறங்கினார்கள். அதில் ஒருவர் தன் வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்காதவர், எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு அப்படி ஒரு வேகம்.

"தொடப்படாது" என்றாள் மைமூனா. சத்தம் போடவில்லை. "ஒருத்தரும் என்னைத் தொடப்படாது."

அந்நிய ஆண்கள் நாலு பேர் ஒரு பொம்பிளையைப் பட்டப்பகலில், சந்தை கூடுகிற இடத்தில், கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவது. அவர்கள் மனைவியையோ சகோதரியையோ அப்படி ஒருவன் தூக்கப் போனால் கையை முறித்திருப்பார்கள். மைமூனாவுக்கு மட்டும் அது நன்மையாம். கால் விளங்காதவளுக்கு வெட்கமும் இருக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னது?

"உதவி செய்யப் போனா இதுதான்" என்று குடம் தூக்காதவர் மடித்த கையை இறக்கினார். சன்னலில் இருந்த ஒரு பொம்பிளை, "பாவமெண்டு பாத்தா வாயைப் பாருங்க. என்ன எடுப்பு!" என்றாள். தூக்குவதற்கு நாலு பேர் வந்தார்கள், ஒரு பலகை பிடிப்பதற்கு ஒருவர் வரவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மணி ஏழு பத்து. விசில் ஊதினேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவள் ஏறக் கேட்கவில்லை. கழுத்தில் தையல் டேப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். டேப்பின் நுனியில் பாரத்துக்கு ஒரு நூல் பொபினைக் கட்டி, பின்கதவுப் படியிலிருந்து நிலத்துக்குத் தொங்கவிட்டு உயரம் எடுத்தாள். பிறகு கதவின் அகலம். பிறகு படி உள்ளே இறங்குகிற பள்ளத்தின் நீளம். ஒரு பஸ் அல்ல, நின்ற ஆறு பஸ்ஸுக்கும். தேநீர்க் கடையில் இருந்தவர்களுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். ஊர் முறையில் அவளுக்கு நான் நானா, அண்ணன் மாதிரி; நானும் சும்மா இருக்கவில்லை.

"என்ன மைமூனா, பஸ்ஸுக்கு அபாயா தைக்கப் போறீங்களா?"

"ஓம் நானா. பஸ்ஸுக்கு முடிச்சுப்போட்டு உங்களுக்கும் அளவெடுக்கிறன். வயிறு கொஞ்சம் கூடிப்போச்சு, துணி நீங்கதான் கொண்டுவரணும்."

கடை முழுக்கச் சிரித்தது. நான் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்தேன்.

புதன்கிழமை என் மேசைக்கு நேராக வந்தாள். கூடையிலிருந்து ஒரு கபிலநிறக் கடதாசியை எடுத்து விரித்தாள். சட்டைக்கு மாதிரி வெட்டுகிற கடதாசி. அதில் பென்சிலால் பஸ்ஸின் பின்பக்கம், பக்கத்தில் ஒரு மேடை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை, எல்லாவற்றுக்கும் அங்குலக் கணக்கு. பஸ் நிலையத்தின் வாசலில் பூட்டிக் கிடக்கிற பழைய நெல் களஞ்சியம் இருக்கிறது. லொறிக்கு மூட்டை ஏற்றுவதற்கு அதன் முன்னால் சீமெந்து மேடை கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கைவண்டி ஏறுகிற சரிவு.

"மேடையும் ஏழு பத்து பஸ்ஸின்ட தட்டும் ஒரே உயரம் நானா. அரை அங்குலந்தான் வித்தியாசம்" என்றாள். "சரிவால நான் மேடைக்கு ஏறுவன். படிப் பள்ளத்துக்கு மேலால போடப் பலகை ஒண்டு ஆசாரியாரிட்டச் செஞ்சு எடுத்திட்டன். நானே போடுவன், நானே போவன். நான் உள்ளுக்குப் போனாப் பிறகு பலகைய இழுத்து உள்ளுக்குப் போடுற மட்டும்தான் ஸப்வானுக்கு வேலை. ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழ உள்துறைமுக வீதியிலயும் இதே மாதிரி மேடையோட பண்டசாலை ஒண்டு இரிக்கு, இன்டர்வியூவுக்குப் போன அண்டே ஓட்டோவ நிப்பாட்டி அளந்தனான். நீங்க செய்ய வேண்டியது ஒண்டே ஒண்டுதான். பஸ்ஸ எழுபது அடி முன்னுக்கு எடுத்து மூண்டு நிமிஷம் அங்க நிப்பாட்டச் சொல்லுங்க."

நான் அந்தக் கடதாசியைப் பார்த்தேன். பதினான்கு வருடம் அந்த மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்றவில்லை. சங்கத்தில் இருக்கிற எந்தப் பெரிய தலைக்கும் தோன்றவில்லை.

பிறகு, வாயைத் திறந்து சட்டம் சொன்னேன். வரிசைக் கோட்டை பஸ் தாண்டினால் அது புறப்பட்டதாகத்தான் அர்த்தம். புறப்பட்ட பஸ் நிலையத்துக்கு இருநூறு யார் தூரம் தள்ளித்தான் அடுத்த ஆளை ஏற்றலாம். வாசலில் ஏற்றினால் பின்னால் நிற்கிற ஏழு இருபத்தைந்து பஸ்ஸின் ஆட்களைக் களவெடுத்த மாதிரி. அது பாலையூற்று இராகுலனுடைய பஸ், அவர் சண்டைக்கு வருவார். "ஏலாது மைமூனா. சங்கத்தில கடிதம் எடுத்து வாங்க" என்றேன்.

அவள் கடதாசியை மடித்தாள். மடிப்பு மேல் மடிப்பாக, துணி மடிக்கிற மாதிரி ஒழுங்காக. சங்கத்துக்குப் போனாள்.

சங்கம் சும்மா இருக்குமா? அடுத்த நாளே தீர்வு வந்தது. வியாழன் காலை ஏழு மணிக்கு பஸ் நிலையத்தில் பதாகை கட்டினார்கள். நாலு கதிரை, ஒரு ஒலிபெருக்கி, தட்டில் பணிஸ். ஹஸன் ஹாஜியார் வெள்ளைச் சட்டையில் வந்து, மைமூனாவைக் கூப்பிட்டு, சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சாமானை முன்னுக்குத் தள்ளினார். என்ன சாமான் தெரியுமா? சக்கர நாற்காலி! பஸ்ஸில் ஏற முடியவில்லை என்று அழுத பொம்பிளைக்கு, கையால் தள்ளுகிற இன்னொரு வண்டி. அவள் அழவும் இல்லை, அது வேறு விசயம். "இது மடிக்கலாம், சுமக்கலாம்" என்று ஹாஜியார் ஒலிபெருக்கியில் சொன்னார். "சகோதரிய இதில வச்சுத் தூக்கினா கையும் படாது." சனம் மாஷா அல்லாஹ் என்றது. பத்துப் போன்கள் மேலே எழும்பின.

மைமூனா நாற்காலியைப் பார்த்தாள். ஹாஜியாரைப் பார்த்தாள். ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"ஜஸாக்கல்லாஹ் ஹாஜி" என்றாள். "ரெண்டு வண்டி வச்சிருக்கிற ஆள் இப்ப நான் ஒருத்திதான் ஊரில. ஒண்டு கேக்கவா? இதை எந்த பஸ்ஸில ஏத்துற?"

பணிஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பத்துப் போனும் ஹாஜியாரின் முகத்துக்குத் திரும்பின. மனிதருக்கு வியர்த்தது. போனுக்கு முன்னால் தலைவர் தோற்க முடியுமா? "நாளைக்கு ஏழு பத்து பஸ் அந்த மேடையடியில நிக்கும்!" என்று கையை உயர்த்திச் சொன்னார். சனம் கைதட்டியது. நான் கேட்டிருந்த கடிதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் நின்றது. மைமூனா சரிவில் ஏறி, மேடையில் நின்று, பலகையைத் தள்ளிப் போட்டு, நேராகப் பின்கதவுக்குள் போனாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, நான் கையில் மணிக்கூட்டைப் பிடித்திருந்தேன். அரை அங்குலம் என்றாளே, அரை அங்குலம்தான். ஸப்வான் பலகையை இழுத்துப் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தான். பின்னேரம் அது முகநூலில் வந்தது. "மனிதநேயம் இன்னும் சாகவில்லை" என்று தலைப்பு. மூவாயிரம் பேருக்குப் பிடித்துப்போயிருந்தது. கட்டாரில் இருக்கிற என் மச்சான்கூட அழுத முகம் போட்டிருந்தான். இரண்டு நிமிடம் நாற்பது விநாடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். எட்டு இருபதுக்கே மைமூனா ஓர்ஸ் ஹில்லில் கையெழுத்து வைத்துவிட்டாள்.

வேலைக்கு ஒருநாள் போனால் போதுமா? திங்கட்கிழமையும் இருக்கிறது, செவ்வாயும் இருக்கிறது. இதை இந்த மூவாயிரம் பேரில் ஒருவராவது யோசித்தாரா?

திங்கட்கிழமை மைமூனா மேடையில் பலகையோடு காத்திருந்தாள். நான் விசில் ஊதினேன். ஏழு பத்து பஸ் வாசலைத் தாண்டி, மேடையைத் தாண்டிப் போனது. ஸப்வான் பின்கதவிலிருந்து கையைத் தூக்கி அவளுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டு போனான். மரியாதையான பொடியன்!

அவள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "ஏன் நிக்கல்ல நானா?"

அன்றைக்கு நான் சொன்னதை எழுத எனக்கே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், மற்றவர்களைக் கிழிக்கிறவன் தன்னையும் கொஞ்சம் கிழிக்க வேண்டும். "அதான் வெள்ளிக்கிழமை செஞ்சுதந்தம்தானே மைமூனா" என்றேன்.

"நான் நன்மை கேக்கல்ல நானா" என்றாள். "பஸ் கேட்டன்."

அங்கேயே நின்று பயிற்சி நிலையத்துக்குப் போன் எடுத்தாள். பொறுப்பாளர் லோஜினி மிஸ் பேசியது எனக்கும் கேட்டது. "மைமூனா, எனக்கு உங்களைத்தான் வேணும், அதில மாற்றமில்லை. ஆனா பிள்ளைகள் துணியை வச்சுக்கொண்டு இருக்கினம். இன்னும் ஒருநாள் வராட்டில் மேலிடத்துக்கு நான் எழுதத்தான் வேணும். அடுத்த ஆள் தினமும் போன் எடுக்கிறா." மைமூனா, "நாளைக்கு எட்டரைக்கு முந்தி நிப்பன் மிஸ்" என்று சொல்லிப் போனை வைத்தாள். எப்படி நிற்பாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏதாவது செய்ய வேண்டிவரும்.

செவ்வாய் காலை ஏழுக்கே வந்துவிட்டாள். மேடைக்குப் போகாமல் வரிசையில் நின்ற ஏழு பத்து பஸ்ஸின் பின்கதவுக்குப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். மடியில் ஒரு கொப்பி, பெண்கள் அளவு எழுதிவைக்கிற நீளக் கொப்பி.

"ஸப்வான் தம்பி, போன செவ்வாய்க்கிழமை இந்த பஸ் சந்திய எத்தனை மணிக்குத் தாண்டினது தெரியுமா?"

"ஏழு பத்துக்கு எடுத்தா, ஏழு பதினொண்டு இரிக்கும்."

"ஏழு பதினேழு. புதன், ஏழு பதினாறு. வியாழன், ஏழு பதினெட்டு, அண்டைக்குப் பணிஸ். நேத்து, ஏழு பதினாறு. ஒவ்வொரு நாளும் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால ஊர்ந்து ஊர்ந்து நிண்டுதான் போறீங்க. ஏழு இருவத்தஞ்சில ஏற வாற ஆக்களையெல்லாம் நீங்களே அள்ளுறீங்க. போன்ல படமும் இரிக்கு, நேரத்தோட." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நானாட புத்தகத்தில நாலு நாளும் ஏழு பத்து எண்டுதான் இரிக்கு."

உண்மை. முழு உண்மை. ஒரு வருடமாக இராகுலன் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தார், தன் ஆட்களை ஏழு பத்து களவெடுக்கிறது என்று. அவர் கத்துகிறபோதெல்லாம் என் புத்தகத்தை விரித்துக் காட்டி, "பாருங்க, ஏழு பத்து" என்று ஹாஜியார் வாயை அடைப்பார். ஆள் அள்ள ஊர்ந்து ஊர்ந்து ஆறு நிமிடம், ஏழு நிமிடம் களவெடுக்கிற அதே வாசலில்தான் மைமூனாவுக்கு மூன்று நிமிடம் இல்லை என்று நான் சட்டம் பேசினேன்.

"இப்ப என்ன செய்யணும் ராத்தா?" ஸப்வானின் குரல் இறங்கிவிட்டது.

"ஆறு நிமிஷம் களவெடுக்கிறீங்க. அதில எனக்கு மூண்டு நிமிஷம் போதும். இண்டைக்கு மட்டுமில்ல, வேலை இரிக்கிற ஒவ்வொரு நாளும். நிக்காட்டி, இந்தக் கொப்பி இண்டைக்கே இராகுலன் தம்பிட கைக்குப் போகும். அவர் பெர்மிட் குடுக்கிற கந்தோருக்குக் கொண்டுபோவார். அந்தா நிக்கிறார், கூப்பிடவா?"

இராகுலன் பின்னால் தன் பஸ்ஸின் சில்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸப்வான் இரண்டு எட்டுத் தள்ளிப்போய் ஹாஜியாருக்குப் போன் எடுத்தான். அவன் சொல்லச் சொல்ல மறுபக்கம் முதலில் சத்தம் போட்டது. பிறகு சத்தம் நின்றது. கடைசியில் ஒரே ஒரு சொல்லை ஸப்வான் திருப்பிச் சொன்னான்: "நிப்பாட்டவா? சரி ஹாஜி."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அவளைப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. "ராத்தா, உங்கள இப்படிப்பட்ட ஆளெண்டு நான் நினைக்கல்ல. பாவமெண்டு நினைச்சன்."

"அப்படி நினைச்சதாலதான் தம்பி, ஒரு கிழமையா நான் வீட்டில இருந்தன்" என்று சொல்லிவிட்டு மைமூனா மேடைக்கு வண்டியைத் திருப்பினாள்.

பஸ் நின்றது. அன்றைக்கு ஒருவரும் படம் எடுக்கவில்லை. கைதட்டவும் இல்லை. உள்ளே இருந்த ஒருவர், "வேலைக்குப் போற நேரத்தில இதென்ன கரச்சல்" என்று முணுமுணுத்தார். குரலை வைத்துப் பார்த்தேன், நாலு பேரில் ஒருவராக அவளைத் தூக்க இறங்கியவர்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. வேலைநாள் எல்லாம், காலையில் போகும்போதும் பின்னேரம் திரும்பும்போதும், பஸ் நிற்கிறது. மழை நாளில் பலகை வழுக்குகிறது என்று ஸப்வான் சாக்கு விரிக்கிறான். அன்பால் இல்லை, அவள் விழுந்தால் கொப்பி திறக்கும் என்ற பயத்தால். இரக்கத்தில் ஒருநாள் நின்ற பஸ், பயத்தில் எட்டு மாதம் நிற்கிறது. இதுதான் எங்கள் ஊர், வேண்டுமானால் கோவியுங்கள். தேநீர்க் கடையில் அவள் பெயர் இப்போது பொல்லாத மைமூனா. பாவம் என்ற சொல்லை அவளைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. முகநூலில் அந்தப் படத்தையும் ஸப்வான் அழித்துவிட்டான். பயிற்சி நிலையத்தில் அவளிடம் படித்த முதல் தொகுதி வெளியே வந்துவிட்டது. அதில் மூதூர்ப் பிள்ளை ஒன்று, லிங்கநகர்ப் பிள்ளை ஒன்று, இரண்டு பேரும் சேர்ந்து கடை போடப் போகிறார்களாம். அளவு பிழைத்தால் ஆளைக் கிழித்துவிடுவாளாம் மைமூனா மிஸ், அப்படிப் பயமாம் பிள்ளைகளுக்கு.

போன கிழமை மேடையில் அவள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். ஊரை இவ்வளவு ஏசுகிற எனக்கு அவளிடம் ஒரு நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று நப்பாசை. வெட்கங்கெட்ட ஆசைதான்.

"வாய் திறந்து சொல்லாட்டியும் மைமூனா, நான் எண்டைக்கும் உங்கட பக்கம்தான்" என்றேன். "அந்தக் கொப்பியில ஸப்வான்ட பேரும் ஹாஜிட பேரும்தானே இரிக்கு?"

அவள் சிரித்தாள். கூடையிலிருந்து கொப்பியை எடுத்து ஒரு தனிப் பக்கத்தைத் திருப்பி என் கையில் தந்தாள். மேலே நேரம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவளுடைய குண்டு எழுத்தில் இரண்டே வரி:

"புதன்கிழமை. முத்தலிப் நானாவிடம் படம் காட்டினேன். அவருக்கு விளங்கியது. ஏலாது என்றார்."

அதை அழிக்கச் சொல்லாமலே கொப்பியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.